எழுதியாச்சு என்றால், எங்கே எழுதியாச்சு?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் கணக்காளர் பேசியதன் எழுத்து வடிவம்)



"கணக்கைப் பத்திக் கொஞ்ச நேரம் பேசு, அதையே மலர்லயும் போட்டுக்கலாம்"னு தலைவி அக்கா சொன்னாங்க. கணக்கைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் எழுந்து காப்பி குடிக்கப் போயிடுவீங்கன்னு எனக்குத் தெரியும். அதனால் வரவு செலவைப் பேசப் போவதில்லை. நீங்கள் வாராவாரம் கொடுக்கிற பணம் கணினிக்குள்ளே எங்கே போய் உட்காருது, அங்கே அது பத்திரமா இருக்கா என்பதை மட்டும் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் குழுக்கள் ஆரம்பித்த காலத்தில் கணக்கு என்றால் நோட்டுதான். 2015-ல் நபார்டு வங்கி 'இ-சக்தி' என்ற பெயரில் குழுக்களின் கணக்கைக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தது. இன்னைக்குச் செல்போனிலேயே பதிவு பண்ணுகிறோம். இதனால் வேகம் வந்தது. கூடவே ஒரு புதுக் கவலையும் வந்தது. நோட்டில் பேனாவால் எழுதினால் எழுதினதுதான். கணினியில் எழுதினால், 'எங்கே எழுதியாச்சு?' என்று இன்னொரு கேள்வி கேட்கணும். அந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு ஆச்சியைச் சபையில் தலைகுனிய வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு மழைச் சாயங்காலம்

நான் கணக்காளராகச் சேர்ந்த புதுசு. ஐப்பசி மாதம், அடைமழை. நடவுக்குப் போயிட்டு வந்த ஆச்சி ஒருத்தர், முந்தானையில் முடிஞ்சு கொண்டுவந்த 1,850 ரூபாயை மேஜையில் வைத்தார். ஆட்டுக் கடனின் கடைசித் தவணை. அவர் குழுவின் ஊக்குநர் அன்னைக்கு ஊரில் இல்லை. குழுவின் கடன் பேரேடும் அவர் வீட்டிலேயே பூட்டிக் கிடந்தது. அதனால் ஆச்சி நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

நான் பணத்தை எண்ணினேன். ஆச்சியின் பாஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு கணினியில் பதிந்தேன். 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் வந்தது. ஆச்சி செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துப்போச்சு, மாற்றணும் மாற்றணும் என்று தள்ளிக்கொண்டே இருந்தோம். கணினி பொசுக்கென்று அணைந்தது. நானும் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த மாதக் கூட்டத்தில், தவணை தவறியவர்கள் பட்டியலைக் கணினியில் எடுத்து வாசித்தேன். அதில் ஆச்சியின் பெயர் இருந்தது. அந்த ஒரு பெயரால் அவர் குழுவின் புதுக் கடன் மனு நிறுத்தி வைக்கப்பட்டது. குழுவில் இருந்தவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்குது. "நான் கட்டிட்டேனே தாயி"ன்னு ஆச்சி மெதுவாச் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது ஆச்சி"ன்னு சொன்னேன்.

மறுநாள் காலையில் அலுவலகம் திறக்கும் முன்னேயே அவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். மஞ்சப்பையிலிருந்து பாஸ் புத்தகத்தை எடுத்து நீட்டினார். தேதி, தொகை, என் கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. இன்னொன்றும் சொல்லணும். அந்த மாதம் கையிருப்பை எண்ணியபோது கணினி சொன்னதைவிட 1,850 ரூபாய் கூடுதலாக இருந்தது. 'அடுத்த மாதம் பார்த்துக்கலாம்' என்று பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். பாஸ் புத்தகம், பணப்பெட்டி ரெண்டு இடத்திலும் உண்மை உட்கார்ந்திருந்தது. நான் மூன்றாவது இடத்தை மட்டும் நம்பினேன்.

கணினி பொய் சொல்லாது, சரிதான். ஆனால் மறந்துபோகும். மறந்துபோனதே அதுக்குத் தெரியாது.

கை, மேஜை, பீரோ

கணினியைப் பழுது பார்க்க வந்த தம்பியிடம் கேட்டேன். "சேமிச்சாச்சுன்னு திரையில வந்துச்சே, அப்புறம் எப்படிப் போச்சு?" அவர் சிரித்துவிட்டு, "அக்கா, சேமிச்சாச்சு, ஆனா பீரோவுல வைக்கல"ன்னார். அன்னைக்கு அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம்ம அலுவலகத்தையே எடுத்துக்கோங்க. இப்போ எழுதிக்கொண்டிருக்கிற துண்டுச் சீட்டு என் கையில் இருக்கு. இந்த மாதப் பேரேடு மேஜையில் இருக்கு. பழைய பேரேடெல்லாம் பீரோவில் இருக்கு. கையில் இருப்பதைப் பார்க்க நேரமே ஆகாது, ஆனால் கையில் கொஞ்சம்தான் பிடிக்கும். பீரோவில் எவ்வளவு வேணும்னாலும் வைக்கலாம், ஆனால் எழுந்து போய்ச் சாவி போட்டுத் தேடி எடுக்கணும்.

கணினியும் இப்படித்தான். அதன் மூளையான ப்ராசசருக்கு ஒட்டினாற்போல ஒரு சின்ன நினைவகம் உண்டு. அதுக்குப் பெயர் கேஷ். நம்ம பொருளாளர் அக்கா கையில் இருக்கிற கேஷ் இல்லை! ஒளித்து வைப்பது என்ற பொருளுள்ள வேற சொல் அது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் என்ற விஞ்ஞானி 1965-ல் இந்த யோசனையை எழுதி வெளியிட்டார். கேஷ்தான் கை. அடுத்து ரேம், அது மேஜை. அதுக்கும் கீழே ஹார்ட் டிஸ்க், அது பீரோ.

இவற்றின் வேகத்துக்கு நடுவே இருக்கிற வித்தியாசத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீங்க. கேஷிலிருந்து ஒரு எண்ணை எடுக்க ஒரு விநாடி ஆகுது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணக்கில் ரேமிலிருந்து எடுக்க ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். இப்போ வருகிற எஸ்எஸ்டி டிஸ்க் என்றால் ஒரு நாளுக்கு மேல். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் மூணு மாதத்துக்கும் மேல்! ஒவ்வொரு எழுத்துக்கும் மூணு மாதம் காத்திருந்தால் வேலை நடக்குமா? அதனால்தான் கணினி எதையும் முதலில் கையிலும் மேஜையிலும் வைத்துக்கொள்ளுது. பீரோவுக்கு அப்புறமா கொண்டுபோகுது.

இதில் மேஜைக்கு ஒரு குறை உண்டு. ரேமில் ஒவ்வொரு துளித் தகவலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன மின்சாரத் தொட்டியில் இருக்கு. ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த ராபர்ட் டெனார்ட் என்பவர் இதைக் கண்டுபிடித்து 1968-ல் காப்புரிமை வாங்கினார். இந்தத் தொட்டிகள் எல்லாமே ஓட்டைக் குடம் மாதிரி. வைத்த மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி விநாடிக்கு ஒரு தரம், அதாவது ஒரு விநாடிக்குள் பதினைந்து தரத்துக்கு மேல், ஒவ்வொரு குடத்தையும் பார்த்து மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்கணும். கரண்ட் போனால் நிரப்ப ஆளில்லை. மேஜையில் இருந்த அத்தனையும் போய்விடும். ஆச்சியின் 1,850 ரூபாய் அந்த மேஜையில்தான் இருந்தது.

ரெண்டு விதமான கணக்கெழுத்து

நம்ம ஊக்குநர்களில் ரெண்டு விதம் உண்டு. ஒருத்தர், பணம் வாங்கின கையோடு சீட்டிலும் எழுதி, பேரேட்டிலும் எழுதி, அப்புறம்தான் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். கூட்டம் முடிய நேரமாகும், ஆனால் பேரேடு எப்பவும் சரியாக இருக்கும். இன்னொருத்தர், கூட்டத்தில் சீட்டில் மட்டும் மடமடவென்று குறித்துக்கொண்டு, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றுவார். கூட்டம் சீக்கிரம் முடியும். ஆனால் போகிற வழியில் சீட்டு தொலைந்தால்?

கணினியிலும் இந்த ரெண்டு முறையும் இருக்கு. முதல் முறையில் மேல் அடுக்கில் எழுதும்போதே கீழ் அடுக்கிலும் எழுதிவிடும். ரெண்டாவது முறையில் மேலே மட்டும் எழுதி, 'இது இன்னும் கீழே போகல' என்று ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது கீழே இறக்கும். பல கணினிகள் வேகத்துக்காக ரெண்டாவது முறையைத்தான் வைத்திருக்கு. சிலது அரை நிமிடம் வரைக்கும்கூடக் காத்திருக்கும். அந்த அரை நிமிடத்துக்குள்ளே கரண்ட் போனால், திரையில் 'சேமிக்கப்பட்டது' என்று வந்தது சீட்டில் எழுதியதுக்குத்தான் சமம்.

பென் டிரைவைப் பிடுங்கும் முன், 'பாதுகாப்பாக நீக்கு' என்பதை அழுத்தச் சொல்கிறோமே, அது எதுக்குன்னு நினைக்கிறீங்க? மேஜையில் மிச்சம் இருப்பதை எல்லாம் முதலில் பென் டிரைவில் இறக்கி முடி என்று சொல்வதுக்குத்தான். தங்கச்சிமார் அதைச் சட்டென்று உருவி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுறீங்க. பாதிக் கணக்கு மேஜையிலேயே நின்றுபோகும்.

தீர்மானப் புத்தகம் முதலில்

முழுசாகத் தொலைந்தாலும் தேடலாம். பாதி எழுதி நின்றுபோனால்தான் பெரிய ஆபத்து. கூட்டமைப்பு ஒரு குழுவுக்கு 50,000 ரூபாய் கடன் தருது என்று வைத்துக்கொள்வோம். கூட்டமைப்புக் கணக்கில் 50,000 கழிக்கணும், குழுக் கணக்கில் 50,000 கூட்டணும். கழித்து முடித்து, கூட்டும் முன் கரண்ட் போனால்? பணம் ரெண்டு கணக்கிலும் இல்லை. யாரை யார் சந்தேகப்படுவது?

வங்கிகளுக்கும் இதே பிரச்சினைதான். இந்த மாதிரி ரெட்டை வேலையை 'முழுசா நடக்கணும், இல்லாட்டி நடக்கவே கூடாது' என்று ஒரே முடிச்சாகக் கட்டுகிற முறையை வகுத்தவர்களில் முக்கியமானவர் ஜிம் கிரே. அதுக்காக 1998-ல் கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. அந்த முறையில் ஒரு முக்கியமான வழக்கம் இருக்கு. கணக்கைத் தொடும் முன்னால், 'இன்ன கணக்கில் இவ்வளவு கழித்து இன்ன கணக்கில் இவ்வளவு கூட்டப் போகிறேன்' என்று ஒரு தனிப் பதிவில் எழுதி, அது பீரோவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கணக்கில் கை வைக்கும். நடுவில் அணைந்தால், திரும்ப எழுந்ததும் முதலில் அந்தப் பதிவைத்தான் படிக்கும். வேலை உறுதியாகி முடிந்திருந்தால் விட்டுப்போனதை எழுதி முடிக்கும். உறுதியாகாமல் நின்றிருந்தால், செய்த பாதியையும் அழித்துவிட்டுப் பழைய நிலைக்குப் போகும்.

இது நமக்குப் புதுசா? பணம் பெட்டியை விட்டு வெளியே வரும் முன்னாலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, அப்புறம்தானே காசோலை எழுதுகிறோம்! எழுத்தறியாதவங்க கைநாட்டு வைத்து நடத்தின குழுவிலும் இந்த ஒழுங்கு இருந்தது. நம்ம முதல் ஊக்குநர்கள் கணினி படித்தவர்கள் இல்லை. ஆனால் எதை முதலில் எழுதணும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எது அசல்?

அடுத்தது, நாம நிறையத் தடவை செய்த தப்பு. ஒரே கணக்கு ரெண்டு இடத்தில் இருந்து, ரெண்டு இடத்திலும் ரெண்டு பேர் திருத்தினால் எது அசல்?

இப்போது ஒரு கணினிக்குள்ளேயே நாலு மூளை, எட்டு மூளை இருக்கு. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு கை, அதாவது தனிக் கேஷ். ஒரே எண்ணின் நகல் நாலு கையிலும் இருக்கும். ஒரு மூளை அதை மாற்றினால் மற்ற மூன்று கையிலும் இருப்பது பழசு. இதுக்காகக் கணினிக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்காங்க. ஒவ்வொரு நகலுக்கும் நாலு நிலையில் ஒன்று உண்டு: 'என்னிடம் மட்டும் இருக்கு, நான் மாற்றிவிட்டேன்', 'என்னிடம் மட்டும் இருக்கு, மாற்றவில்லை', 'பலரிடம் இருக்கு, யாரும் மாற்றவில்லை', 'என்னிடம் இருப்பது செல்லாது'. ஒரு மூளை திருத்த ஆரம்பிக்கும் முன்னால், 'உங்க கையில இருக்கிறது இனிச் செல்லாது' என்று மற்ற எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் திருத்தும்.

நாம அப்படிச் சொல்லவில்லை. ஒரு தரம் தணிக்கைக்காகக் கடன் பட்டியலைப் பென் டிரைவில் போட்டு ஓர் ஊக்குநரிடம் கொடுத்தேன். அவர் வீட்டில் அதைத் திருத்தினார். அதே வாரம் நான் அலுவலகத்தில் அசலைத் திருத்தினேன். அவர் கொண்டுவந்து கொடுத்ததை அப்படியே மேலே ஏற்றினேன். என் ஒரு வார வேலை அழிந்துபோச்சு. அவர் மேலும் தப்பில்லை, 'இது செல்லாது' என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அன்னைக்கிருந்து நம்ம அலுவலகத்தில் ஒரு விதி: அசல் ஒன்றே ஒன்றுதான். வெளியே போகிற நகலில் 'பார்வைக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதித்தான் கொடுப்போம். திருத்தம் இருந்தால் பேப்பரில் எழுதிக் கொண்டுவரணும், அசலில் ஒரே ஆள்தான் கை வைப்பார்.

நெடுக்கக் கூட்டு, குறுக்கக் கூட்டு

சரி, கரண்ட் போகவில்லை, யாரும் தப்பாகத் திருத்தவும் இல்லை. அப்பவும் எண் தானாக மாறுமா? மாறலாம்.

2003 மே 18-ம் தேதி பெல்ஜியம் நாட்டில் தேர்தல். பிரஸ்ஸல்ஸ் நகரின் ஸ்கார்பேக் பகுதியில் மின்னணு முறையில் ஓட்டு. ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டுக் கூடுதலாக விழுந்துவிட்டது. அவருக்கு அதிகபட்சமாக எவ்வளவு விழ முடியுமோ அதைவிட அதிகமாக இருந்ததால்தான் சந்தேகம் வந்து பார்த்தார்கள். கணினி எல்லாத்தையும் 0, 1 என்ற ரெண்டே அடையாளத்தில் எழுதி வைக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மதிப்பு: 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும். பதிமூணாவது இடத்தின் மதிப்பு சரியாக 4,096. அந்த ஒரு இடத்தில் மட்டும் 0 என்பது 1 ஆகியிருக்கு. காரணம் இன்னதென்று நிரூபிக்க முடியவில்லை. விண்வெளியிலிருந்து வருகிற கதிர் ஒன்று நினைவகத்தில் பட்டிருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஓட்டு என்றாலும் சேமிப்பு என்றாலும் எண் எண்தானே!

இதுக்கு மருந்து முன்னாலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணித அறிஞர் வேலை பார்த்தார். வார விடுமுறையில் கணினியில் வேலையைப் போட்டுவிட்டுப் போவார். நடுவில் ஒரு பிழை வந்தால் கணினி அந்த வேலையைக் கைவிட்டுவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரியக்கூடாதா என்று எரிச்சலோடு யோசித்தார். 1950-ல் அதுக்கு வழியை வெளியிட்டார்.

அந்த வழியின் அடிப்படை உங்க ஒவ்வொருத்தர் கையிலும் இருக்கு. சேமிப்புப் பதிவேட்டில் உறுப்பினர் பெயர் வரிசையாகக் கீழே, வாரங்கள் பக்கவாட்டில். நெடுக்கக் கூட்டினால் அந்த வாரத்து மொத்தம். குறுக்கக் கூட்டினால் அந்த உறுப்பினரின் மொத்தம். யாரோ ஒருத்தருக்கு 100 என்று எழுத வேண்டிய இடத்தில் 10 என்று விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறுக்குக் கூட்டலில் 90 இடிக்கும், ஒரு நெடுக்குக் கூட்டலிலும் 90 இடிக்கும். ரெண்டும் சந்திக்கிற கட்டத்தில் விரலை வைத்தால் தப்பு அங்கேதான் இருக்கும். எவ்வளவு தப்பு என்பதும் தெரிந்துவிடும். பிழையைப் பார்த்தாச்சு, இடத்தையும் பார்த்தாச்சு, திருத்தியும் ஆச்சு. வங்கி போன்ற இடங்களின் பெரிய கணினிகளில் ஒவ்வொரு 64 துளித் தகவலோடும் 8 துளி கூடுதலாக வைத்து இதே காவலைத்தான் போடுகிறார்கள்.

'கணினியே கூட்டிடும், நாம எதுக்குக் கூட்டணும்'னு நெடுக்குக் கூட்டலை விட்டுவிட்ட குழுக்கள் இங்கே இருக்கீங்க. பெயர் சொல்ல மாட்டேன். தயவுசெய்து திரும்ப ஆரம்பியுங்கள்.

வெள்ளம் வந்த அன்று

ஆச்சி விஷயத்துக்குப் பிறகு கூட்டமைப்பில் தீர்மானம் போட்டோம். யுபிஎஸ் பேட்டரி மாற்றினோம். கணக்குக்கு எப்பவும் மூணு நகல், அது ரெண்டு விதமான பொருளில், அதில் ஒன்று வேற ஊரில் என்று முடிவு பண்ணினோம். பக்கத்து ஒன்றியத்தில், மேட்டுப் பகுதியில் இருக்கிற கூட்டமைப்போடு பேசி, அவங்க டிஸ்க் நம்மிடம், நம்ம டிஸ்க் அவங்களிடம் என்று வைத்துக்கொண்டோம். உறுப்பினர் விவரம் யார் கண்ணிலும் படக்கூடாது என்று டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போட்டு, அதை உறையில் ஒட்டித் தலைவி அக்காவிடம் கொடுத்தோம்.

இங்கேயும் ஒரு கூத்து நடந்தது. நாலு மாதம் நகல் எடுத்து அனுப்பினேன். ஒரு நாள் சும்மா திறந்து பார்ப்போமே என்று பார்த்தால் உள்ளே கணக்கே இல்லை. திரையில் இருக்கிற குறுக்குவழிப் படத்தை மட்டும் நகலெடுத்திருக்கேன்! வீட்டை விட்டுவிட்டு வீட்டு முகவரியைப் பீரோவில் பூட்டி வைத்த மாதிரி. அதிலிருந்து மாதம் ஒரு தரம் நகலை வேறொரு கணினியில் திறந்து, ஏதாவது பத்து உறுப்பினரின் கணக்கை எடுத்துப் பாஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். திறந்து பார்க்காத நகல் நகலே இல்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரை தாண்டி வந்தது. நம்ம அலுவலகத்தில் இடுப்பளவு தண்ணீர். கணினி, பீரோவின் கீழ்த்தட்டு, அதில் இருந்த பேரேடு எல்லாம் ஒரே சேறு. உங்களில் பலருக்கு வீட்டிலேயே ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த நேரத்தில் கடன் பாக்கியைப் பற்றி யாருக்கு யோசனை வரும்? ஆனால் நிவாரணம் முடிந்து அடுத்த கூட்டம் கூடினபோது, 'என் சேமிப்பு எவ்வளவு இருக்கு?' என்றுதான் முதல் கேள்வி வந்தது. வீடு போனவங்களுக்கு அந்தச் சேமிப்புதான் மிச்சம்.

மேட்டு ஊரிலிருந்து டிஸ்க் வந்தது. உறையைப் பிரித்துத் திறந்தோம். டிசம்பர் 10-ம் தேதி வரைக்கும் எல்லாம் இருந்தது. மிச்சம் ஒரு வாரம் இல்லை. அந்த ஒரு வாரத்தை எங்கிருந்து எடுத்தோம்? உங்க பாஸ் புத்தகத்திலிருந்து. கூரை ஏறிப் பிள்ளைகளைக் காப்பாற்றின நேரத்திலும், ரேஷன் கார்டு, ஆதார் கார்டோடு பாஸ் புத்தகத்தையும் பாலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோயிருக்கீங்க. ஒவ்வொன்றாக வாங்கி, படித்து, ஏற்றி, கையிருப்போடு ஒத்துப் பார்த்தோம். ஒரு ரூபாய் இடிக்கவில்லை.

அன்னைக்கு வரிசையில் அந்த ஆச்சியும் இருந்தார். அதே மஞ்சப்பை. புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லாப் பாத்து எழுது தாயி"ன்னு மட்டும் சொன்னார்.

உங்களிடம் கேட்பது

கணினியின் மேல் அடுக்கு வேகமானது, மறதி உள்ளது. கீழ் அடுக்கு மெதுவானது, நிலைத்து நிற்பது. தொலைவதெல்லாம் ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குப் போகிற வழியில்தான் பெரும்பாலும் தொலையுது. அந்த வழியில் காவல் நிற்பது என் வேலை. ஆனால் என்னையும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்கணும். அதனால் மூணு விஷயம் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, பணம் கொடுத்தால் பாஸ் புத்தகத்தில் எழுதி வாங்காமல் எழுந்து போகாதீங்க. 'செல்போன்ல மெசேஜ் வரும் மைனி'ன்னு யார் சொன்னாலும் சரி, நானே சொன்னாலும் சரி. ரெண்டாவது, கூட்டம் முடியும் முன் அன்றைய வரவை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கச் சொல்லுங்க. இருபது பேர் காதில் விழுந்தது இருபது இடத்தில் எழுதினதுக்குச் சமம். மூணாவது, கணினி ஒன்று சொல்லி உங்க புத்தகம் வேறொன்று சொன்னால், நீங்க தலைகுனிய வேண்டாம். "எங்க எழுதின, எப்ப எழுதின, காட்டு"ன்னு கேளுங்க. பதில் சொல்ல வேண்டியது நாங்கதான்.

ஆச்சியின் குழுவுக்கு அந்தக் கடன் இருபது நாள் தாமதமாகக் கிடைத்தது. நான் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, அதே சபையில், அவர் தவணை தவறவில்லை, தவறியது நான்தான் என்று வாசித்தேன். அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கு. வெள்ளத்தில் நனைந்து மை கலைந்திருந்தாலும் அந்தப் பக்கம் இன்னும் படிக்க முடியுது. வேணும்கிறவங்க அலுவலகத்துக்கு வந்து பார்க்கலாம்.